வீட்டிலிருந்து எத்தனை கிலோமீட்டர்? டெல்டாவின் இளம் பட்டதாரியும் அவருடைய அரசியல் கருத்தும் குறித்து ஓர் ஆய்வு

காவிரிப் படுகையில் ஆராய்ச்சிக்குப் பஞ்சமில்லை. நெல்லுக்கு ஆடுதுறையில் 1922 முதல் ஒரு நிலையம் இருக்கிறது. தென்னைக்குப் பட்டுக்கோட்டைப் பக்கம் வேப்பங்குளத்தில் இருக்கிறது. ஓலைச்சுவடிக்குச் சரசுவதி மகால், கல்வெட்டுக்குத் தமிழ்ப் பல்கலைக்கழகம். ஆனால் வாய்க்கால் மதகுக் கட்டையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து நாட்டைத் திருத்திக்கொண்டிருக்கும் புதுப் பட்டதாரிக்கு என்று ஒரு நிலையமும் கிடையாது. அந்தக் குறையைப் போக்க இக்கட்டுரை முனைகிறது. நிதியுதவி எவரிடமும் பெறப்படவில்லை, டீச்செலவு ஆய்வாளருடையது.

முதலில் ஆய்வுப் பொருளை வரையறுத்துவிடுவோம். பட்டம் வாங்கி இரண்டு ஆண்டு தாண்டாதவர். வேலை கிடைக்காதவர், அல்லது கிடைத்த வேலையை வீட்டில் யாரும் வேலை என்று ஒப்புக்கொள்ளாதவர். ரேஷன் கார்டில் இன்னும் 'மகன்' அல்லது 'மகள்' என்ற இடத்தில் இருப்பவர். இவர் இனி இக்கட்டுரையில் 'இ.ப.' எனப்படுவார். இ.ஆ.ப.வோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். நடுவில் ஓர் எழுத்துதான் குறைகிறது. அந்த ஓர் எழுத்துக்காகத்தான் தஞ்சாவூரில் தெருவுக்குத் தெரு கோச்சிங் சென்டர் நடக்கிறது.

ஆய்வுக்காலம் 2024 மார்ச் 16 அன்று நடத்தை விதிகள் நடைமுறைக்கு வந்ததிலிருந்து ஜூன் 4 அன்று வாக்கு எண்ணி முடித்தது வரை. அந்தப் பருவத்து இ.ப. தனிச் சிறப்புடையவர். 2020-ல் கொரோனாவுக்கு நடுவில் கல்லூரியில் சேர்ந்தவர். முதலாண்டுக் கல்லூரியைப் போனில்தான் பார்த்தவர். பாடம் நடத்துகிறவரை மியூட்டில் போடும் உரிமையை அனுபவித்த முதல் மாணவர் தலைமுறை இது. பட்டம் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தபின் அப்பாவை அப்படி மியூட்டில் போட முடியவில்லை என்பதே இவர்களுடைய முதல் அரசியல் அனுபவம்.

களம், தஞ்சாவூருக்குத் தெற்கே, கல்லணைக் கால்வாய் பாயும் பக்கம். மேட்டூர் அணையோடு சேர்ந்து 1934-ல் வந்த கால்வாய் அது. வயது தொண்ணூறு ஆகியும் ஊரில் அதற்கு இன்றுவரை 'புது ஆறு' என்றுதான் பெயர். புதிதாக வந்த எதையும் இந்தப் பக்கத்தில் சீக்கிரம் பழசாக ஒப்புக்கொள்ள மாட்டார்கள் என்பதை இ.ப.வும் கவனித்துக்கொள்வது நல்லது.

விதி

ஆய்வின் முடிவை முன்னாலேயே சொல்லிவிடலாம்; மறைத்து வைக்க இது ஒன்றும் வாக்குப்பெட்டி இல்லை. இ.ப.வின் அரசியல் கருத்தின் வீரியம், அவர் வீட்டு வாசற்படிக்கும் அவர் நிற்கும் இடத்துக்கும் உள்ள தொலைவுக்கு நேர் விகிதத்தில் இருக்கும். வாசற்படியில் பூஜ்யம். சென்னையில் புரட்சி. இடைப்பட்ட தூரங்களில் இடைப்பட்ட கருத்துகள்.

விதியைச் சோதிக்கும் முன் பருவத்தைப் பற்றி ஒரு வார்த்தை. டெல்டாவுக்குத் தேர்தல் எப்போதும் ஆறு வறண்ட பிறகுதான் வரும். 2011-ல் ஏப்ரல் 13, 2014-ல் ஏப்ரல் 24, 2019-ல் ஏப்ரல் 18, 2021-ல் ஏப்ரல் 6, 2024-ல் ஏப்ரல் 19. சம்பா அறுவடை மாசியோடு முடிந்துவிடும். மேட்டூரை வழக்கப்படி திறப்பது ஜூன் 12-ல். நடுவில் வயலில் உளுந்து கிடக்கும், வாய்க்காலில் பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள். தண்ணீரைப் பற்றி வாக்குறுதி கொடுக்கிற பருவத்தில், சாட்சி சொல்லத் தண்ணீர் ஊரில் இருப்பதில்லை. 2023-ல் ஜூனில் திறந்த அணையை அக்டோபரில் மூடினார்கள். 2024-ல் ஜூன் 12 வந்தது, போனது. அணை திறந்தது ஜூலை 28-ல். எம்.பி. பதவியேற்று ஒரு மாதம் ஆனபின்தான் அவருக்கு ஓட்டுக் கேட்கக் காரணமாயிருந்த ஆறு வந்தது.

காவிரி விஷயத்தில் இ.ப.வின் அறிவைக் குறை சொல்ல முடியாது. நடுவர் மன்றம் 2007-ல் தமிழ்நாட்டுக்கு 419 டி.எம்.சி. என்றது, உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரி 16 அன்று அதை 404.25 என்று குறைத்தது, அதில் பிலிகுண்டுலுவில் வந்து சேரவேண்டியது 177.25 என்பதெல்லாம் அவருக்குப் புள்ளிக்குப் பின்னால் உள்ள இரண்டு இலக்கம் வரை மனப்பாடம். உங்கள் வாய்க்காலுக்கு முறைத் தண்ணீர் எந்தக் கிழமை என்று கேட்டால் மட்டும், "அப்பாவத்தான் கேக்கணும்ணே" என்பார்.

தொலைவு: பூஜ்யம்

வீடு. இரவு எட்டு மணி. தொலைக்காட்சியில் நான்கு பேர் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள். அப்பா சுவரில் சாய்ந்திருக்கிறார், தோளில் துண்டு. நெல் விலை பற்றிப் பேச்சு வருகிறது. இ.ப. தொண்டையைச் செருமிக்கொள்கிறார்.

"அப்பா, குறைந்தபட்ச ஆதார விலைங்கறது என்னன்னா..."

"மொதல்ல போயி மோட்டார நிறுத்திட்டு வா."

இ.ப. எழுந்து கொல்லைக்குப் போகிறார். உளுந்துக்கு விட்ட தண்ணீர் கடைமடை வரை போயிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்து, மோட்டாரை நிறுத்திவிட்டுத் திரும்பும்போது விவாதம் முடிந்து சீரியல் ஓடுகிறது. விவசாய மின்சாரம் 1990 முதல் தமிழ்நாட்டில் இலவசம் என்பதும், அது யாருடைய ஆட்சியில் வந்தது என்பதும் அவருக்குத் தெரியும். சொல்ல இடமில்லை.

அவர் சொல்ல நினைத்ததில் தப்பும் கிடையாது. அந்தப் பருவத்தில் சன்ன ரகம் குவிண்டாலுக்கு 2,310 ரூபாய், பொது ரகம் 2,265. அதில் மத்திய அரசின் ஆதார விலை எவ்வளவு, மாநிலத்தின் ஊக்கத்தொகை எவ்வளவு என்று அவர் பிரித்தே சொல்வார். ஆனால் வீட்டில் யாரும் குவிண்டாலில் பேசுவதில்லை. அப்பாவின் கணக்கு 40 கிலோ சிப்பத்தில். கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் கொட்டிவிட்டு எத்தனை ராத்திரி காவல் படுத்தோம், லாரி எப்போது வந்தது, நடுவில் மழை பெய்ததா என்பதுதான் அவருடைய பொருளாதாரம். இரண்டு கணக்குகளுக்கும் நடுவில் அம்மா வந்து, "சாப்புட்டுப் பேசுங்களேன்" என்கிறார். பேச்சு முடிகிறது.

மதகு

வீட்டிலிருந்து ஒரு கூப்பிடு தூரம். டெல்டாவின் மிகப் பழைய மக்களவை இதுதான். இருபுறமும் இடுப்பளவு சிமென்ட் கட்டை, நடுவில் ஷட்டரைத் தூக்கி இறக்கும் திருகுக் கம்பி, அதில் கருத்துப்போன கிரீஸ். கட்டையின் வெளிப்பக்கம் வரைந்திருந்த கட்சிச் சின்னத்தை நடத்தை விதி வந்ததும் சுண்ணாம்பு அடித்து மறைத்திருக்கிறார்கள். பங்குனி வெயிலில் சுண்ணாம்பு உரிய, சின்னம் மறுபடி இளித்துக்கொண்டு தெரிகிறது. உட்காரும் இடம் மட்டும் பல தலைமுறைப் பட்டதாரிகளால் வழவழப்பாகியிருக்கிறது.

நான்கு பேர் இருந்தார்கள். ஒருவர் தி.மு.க., ஒருவர் நாம் தமிழர், ஒருவர் பா.ஜ.க.; நாலாமவர், பிப்ரவரி 2-ல் கட்சி அறிவித்துவிட்டு இந்தத் தேர்தலில் நிற்கவில்லை என்று சொன்ன விஜய்க்காக 2026 வரை வாக்கைச் சேமித்து வைத்திருப்பவர். நால்வருக்கும் சேர்த்து ஒரு பைக், ஒரு ஹாட்ஸ்பாட். எந்த விஷயத்திலும் ஒத்துப்போகாத இந்த நால்வரும் ஒன்றில் மட்டும் ஒத்துப்போனார்கள்: பெரிய கோயில் முன்வாசல் வழியாக நுழைந்த ஆட்சியாளர் பதவி இழப்பார். 2010 செப்டம்பரில் கோயிலுக்கு ஆயிரமாவது ஆண்டு விழா, 2011 மே மாதத்தில் ஆட்சி மாற்றம். இதைவிட என்ன ஆதாரம் வேண்டும்? 1989 முதல் 2011 வரை ஒவ்வொரு சட்டமன்றத் தேர்தலிலும் ஆட்சி மாறிக்கொண்டுதானே இருந்தது, கோயிலுக்கு யாரும் போகாவிட்டாலும் மாறியிருக்குமே என்று ஆய்வாளர் கேட்டதற்கு, பி.எஸ்சி. இயற்பியல் முடித்தவர் இரக்கத்தோடு பார்த்தார்.

மதகில் கருத்தின் வீரியம் பாதியளவு. பாதி என்பதற்குச் சான்று ஒலி. டி.வி.எஸ். எக்ஸ்.எல். சத்தம் தூரத்தில் கேட்டால் போதும். அது பெரியப்பாவோ சித்தப்பாவோ என்று தெரிவதற்கு முன்பே நாட்டின் எதிர்காலம் கைவிடப்பட்டு கிரிக்கெட் தொடங்கிவிடும். அந்த மார்ச் 21-ல்தான் தோனி சென்னை அணியின் தலைமையை ருதுராஜிடம் கொடுத்திருந்தார். தேர்தல் இல்லாமல் நடந்த அந்த அதிகார மாற்றத்தைப் பற்றிப் பெரியப்பாவும் வண்டியை நிறுத்தி ஒரு கருத்துச் சொல்லிவிட்டுப் போவார். அவர் கருத்துக்குத் தொலைவு விதி பொருந்தாது. அவர் பெயரில் பட்டா இருக்கிறது.

டீக்கடையும் பேருந்தும்

டீக்கடையில் இ.ப.வுக்கு மரியாதை உண்டு என்று மேலோட்டமாகப் பார்க்கிறவர்கள் எழுதிவிடக்கூடும். "நீ படிச்ச புள்ள, நீ சொல்லு தம்பி, யாரு வருவா?" என்று கரைவேட்டிக்காரர்கள் கேட்கிறார்கள்தான். கூர்ந்து கவனித்தால், கேட்டவர் பதிலுக்குக் காத்திருப்பதில்லை. இ.ப. வாயைத் திறப்பதற்குள் அவரே யார் வருவார் என்று சொல்லி, எத்தனை ஓட்டில் வருவார் என்பதையும் சொல்லி, வடையையும் முடித்துவிடுகிறார். படித்த பிள்ளையின் உண்மையான உபயோகம் வேறு. பெயர் சேர்க்க 6-ஆம் நம்பர் படிவம், திருத்த 8-ஆம் நம்பர் படிவம், பட்டியலில் பாகம் எண் என்ன, வரிசை எண் என்ன என்று போனில் பார்த்துச் சொல்வது. தேர்தல் பருவத்தில் ஊரே இ.ப.வைத் தேடும். கருத்து கேட்கத்தான் என்று அவர் முதல் இரண்டு நாள் நினைத்துக்கொள்வார்.

ஒரு கிளை விதியும் இங்கே கண்டறியப்பட்டது: டீக்குக் காசு கொடுத்தவரின் கட்சியை, டம்ளர் காலியாகும் வரை இ.ப. எதிர்ப்பதில்லை.

டவுன் பஸ்ஸைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஊர்க்காரர் எவரும் இல்லை என்று உறுதிப்படுத்திக்கொண்டால், தஞ்சாவூர் பழைய பேருந்து நிலையம் வந்து சேர்வதற்குள் இரண்டு அரசுகளைக் கவிழ்ப்பார்.

கிளாம்பாக்கம் சோதனை

விதியை நிறுவிய முக்கியச் சோதனை ஏப்ரல் 18 இரவு இயற்கையாகவே நடந்தது. வாக்களிக்க ஊர் போகிறவர்களுக்காகச் சென்னையிலிருந்து சிறப்புப் பேருந்துகள் விட்டிருந்தார்கள். முந்தைய டிசம்பரில் திறந்த கிளாம்பாக்கம் நிலையத்தில் ஏறிய இ.ப. ஒருவர், வேளச்சேரியில் ஐந்து பேர் தங்கும் அறையிலிருந்து வருகிறார். தொலைவு முந்நூறு கிலோமீட்டருக்கு மேல். நிலையம் நிலையமாகப் பதிவானவை:

செங்கல்பட்டு தாண்டியதும்: "இந்த சிஸ்டத்தையே மொத்தமா மாத்தணும் ப்ரோ."

விக்கிரவாண்டி, சாப்பாட்டுக்கு நிறுத்திய இடத்தில்: "ரெண்டு கழகமும் வேணாம், டெல்லியும் வேணாம்."

பண்ருட்டி: "அதுக்குன்னு ஓட்ட வீணாக்கவும் முடியாதுல்ல."

சேத்தியாத்தோப்பில் தூங்கிவிட்டார். கொள்ளிடத்தைத் தாண்டும்போது விழித்து, "நம்ம தொகுதியில யாருண்ணே நிக்கிறா?" என்றார். கும்பகோணம் மயிலாடுதுறைத் தொகுதியில் வரும், உங்கள் ஊர் தஞ்சாவூர்த் தொகுதி என்று விளக்க வேண்டியிருந்தது. "சரி, அப்பா என்ன சொல்றாருன்னு பாப்போம்."

தஞ்சாவூர், விடிகாலை: "அம்மா, ஆத்துப்பாலத்துல நிக்கிறேன். அப்பாவ வண்டி எடுத்துட்டு வரச் சொல்லு."

ஒரே இரவில், ஒரே மனிதரில், புரட்சியிலிருந்து வண்டி வரை. இதைவிடத் தூய்மையான தரவு எந்தத் துறையிலும் கிடைப்பது அரிது.

மாற்று விளக்கங்கள்

வயதுதான் காரணம், தொலைவு அல்ல என்று வாதிடலாம். அரசமைப்புச் சட்டமே அப்படித்தான் நினைத்தது. மாநில மேலவையில் பன்னிரண்டில் ஒரு பங்கு இடங்களைப் பட்டதாரிகளே தேர்ந்தெடுக்கலாம் என்கிறது 171-ஆம் பிரிவு. தமிழ்நாட்டிலும் பட்டதாரித் தொகுதிகள் இருந்தன, எம்.ஜி.ஆர். ஆட்சியில் 1986 நவம்பர் 1 அன்று மேலவை ஒழிக்கப்படும் வரை. பட்டம் ஒன்றே தகுதியாகக் கருத்துச் சொல்ல இந்த மாநிலத்தில் தனி இடம் இருந்தது என்பதை மதகில் சொன்னபோது நால்வரும் முதல்முறையாக அமைதியானார்கள். ஆனால் அதிலும் ஒரு நிபந்தனை: பட்டம் பெற்று மூன்று ஆண்டாவது ஆகியிருக்க வேண்டும். கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்கவேண்டும் என்பதைப் போல, பட்டதாரியையும் மூன்று வருஷம் வெயிலில் காயப்போட்டுத்தான் எடுத்துக்கொள்வோம் என்றிருக்கிறார்கள். நம் இ.ப. மேலவை இருந்திருந்தாலும் திருப்பி அனுப்பப்பட்டிருப்பார். ஆக, வயதுக்கு ஓரளவு பங்கு உண்டு. ஒரே வயதுள்ளவர் செங்கல்பட்டில் ஒன்றும் தஞ்சாவூரில் ஒன்றும் பேசுவதை அது விளக்காது.

படிப்புதான் காரணம் என்பதும் நிற்காது. திருக்குவளையிலிருந்து கிளம்பிய கருணாநிதி பள்ளி இறுதித் தேர்விலேயே தேறாதவர். 1962-ல் இதே தஞ்சாவூரில் சட்டமன்றத்துக்கு நின்று வென்றார். நின்ற பதின்மூன்று சட்டமன்றத் தேர்தல்களில் ஒன்றிலும் தோற்கவில்லை. பட்டத்துக்கும் கருத்துக்கும் உள்ள உறவு நாம் நினைக்கிற அளவு நெருக்கமானதல்ல.

பணம்? இதைத் தஞ்சாவூரில் தள்ளிவிட முடியாது. 2016 மே மாதம் தமிழ்நாடே வாக்களித்தபோது தஞ்சாவூரும் அரவக்குறிச்சியும் மட்டும் வாக்களிக்கவில்லை. வாக்காளருக்குப் பணம் கொடுத்தார்கள் என்று தேர்தல் ஆணையம் அந்த இரண்டு தொகுதிகளின் தேர்தலையே ரத்து செய்தது. மறுபடி நடந்தது நவம்பர் 19-ல். அதற்குப் பதினோரு நாள் முன்னால்தான் 500 ரூபாயும் 1,000 ரூபாயும் செல்லாது என்று அறிவிப்பு வந்தது. பணம் கொடுத்ததற்காக நிறுத்திய தேர்தலை, நாட்டில் ஒருவரிடமும் செல்லுபடியாகும் பணம் இல்லாத வாரத்தில் நடத்திக் காட்டிய பெருமை இந்த ஊருக்கு உண்டு. அறிவியலில் இதற்குக் கட்டுப்படுத்தப்பட்ட சோதனை என்று பெயர். வென்றவர் பிறகு தகுதிநீக்கமாகி, 2019 ஏப்ரலில் இடைத்தேர்தல், 2021-ல் பொதுத்தேர்தல். ஐந்து வருஷம் நிறைவதற்குள் தஞ்சாவூர் நகரத்தார் சட்டமன்றத்துக்கு மூன்று முறை மை வைத்துக்கொண்டார்கள்.

ஆனால் பணம் என்பதை இந்த ஆய்வு வேறு பக்கத்தில் கண்டது. எதிர்வீட்டுப் பையன் டிப்ளமோ. ஓசூரில் வேலை, மாதம் பிறந்தால் சம்பளம். ஓட்டுப் போட வந்தவன் இதே கூடத்தில், இதே சுவரோரம் உட்கார்ந்து, மேட்டூர் அணையைத் தனியாருக்கு விட்டால்தான் தண்ணீர் வரும் என்று ஒரு யோசனை சொன்னான். அப்பா துண்டை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு, "அப்படிங்களா தம்பி?" என்று கேட்டார். முழுவதும் கேட்டார். இ.ப. அடுக்களை நிலைப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். வாசற்படியில் கருத்து பூஜ்யமாவது ஏன் என்பதற்கு அதன்பிறகு விளக்கம் தேட வேண்டியிருக்கவில்லை. சம்பளம் வராதவனுக்கு வீட்டில் அபிப்பிராயம் கிடையாது; அபிப்பிராயம் வேண்டுமென்றால் தன் வரும்படி என்னவென்று தெரியாதவர்கள் இருக்கும் இடத்துக்கு அவன் போக வேண்டும். அதற்குப் பெயர்தான் தொலைவு.

தாத்தாவின் காலத்தில் இது வேறாக இருந்தது. அவர்களிடம் கருத்து என்று ஒன்று இருந்ததாகத் தெரியவில்லை, கோரிக்கை இருந்தது. கூலி நெல்லில் இத்தனை படி கூட வேண்டும், நிலத்தை விட்டு வெளியேற்றக் கூடாது. பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் 1952-ல் வந்தது இந்த மாவட்டத்தின் பெயரைத் தாங்கித்தான். அதற்கு அவர்கள் எங்கும் போகவில்லை. உழுத வயலிலேயே நின்று கேட்டார்கள், அதற்கு என்ன விலை கொடுத்தார்கள் என்பதைக் கீழ்வெண்மணிக்குப் போனால் பார்க்கலாம். பேரனிடம் கருத்து ஆயிரம் இருக்கிறது. கோரிக்கை ஒன்றே ஒன்று: குரூப் 4.

ஒரு கணக்கு

2024 ஜனவரி 30 அன்று அறிவித்த குரூப் 4-ல் இடங்கள் 6,244. விண்ணப்பம் 20 லட்சத்துக்கு மேல். ஓர் இடத்துக்கு 320 பேருக்கும் அதிகம். அதே ஆண்டு தமிழ்நாட்டின் 39 மக்களவைத் தொகுதிகளில் நின்ற வேட்பாளர்கள் 950 பேர். ஓர் இடத்துக்கு 24. கிராம நிர்வாக அலுவலர் ஆவதைவிட எம்.பி. ஆவதற்குப் போட்டி பதின்மூன்று மடங்கு குறைவு. தேர்வுக் கட்டணம் 100 ரூபாய், டெபாசிட் 25,000 என்பது வித்தியாசம்தான். வயதும் 25 ஆக வேண்டும். இதை மதகில் விளக்கியபோது தாமதமாக ஓர் ஒளி சிலர் முகத்தில் தெரிந்தது.

தேர்வு ஜூன் 9. வாக்கு எண்ணிக்கை முடிந்த ஐந்தாம் நாள். ஏப்ரல் 19-க்கும் ஜூன் 4-க்கும் இடையில் நாற்பத்தாறு நாள், ஓட்டெல்லாம் தஞ்சாவூர் குந்தவை நாச்சியார் அரசு மகளிர் கல்லூரியில் பூட்டி சீல் வைத்துக் கிடந்தபோது, இ.ப. 324-ஆம் பிரிவு தேர்தல் ஆணையம், 326 வயதுவந்தோர் வாக்குரிமை, 61-ஆவது திருத்தம் 21-ஐ 18 ஆக்கியது என்று படித்துக்கொண்டிருந்தார். நாடு முழுவதும் 64 கோடிப் பேர் போட்ட ஓட்டை ஒரே பகலில் எண்ணிவிட்டார்கள். குரூப் 4 முடிவு வர அக்டோபர் கடைசி ஆயிற்று. எதை அவசரம் என்று அரசு நினைக்கிறது என்பதற்கு இது ஒரு குறிப்பு.

விதிவிலக்கு

பெண் இ.ப.விடம் இந்த விதி செல்லாது. மதகு அவருக்கு இல்லை, டீக்கடை இல்லை. 2021 மே முதல் டவுன் பஸ்ஸில் காசு கொடுக்காமல் தஞ்சாவூர் வரை போகலாம். நூலகத்தில் உட்கார்ந்து படித்துவிட்டு வெளிச்சம் இருக்கும்போதே திரும்ப வேண்டும். வீட்டிலும் பஸ்ஸிலும் நூலகத்திலும் அவருடைய கருத்தின் அளவு ஒன்றுதான், வெளியே சொல்லாத அளவு. தொலைவு கூடினால் மாறுமா என்று பார்க்க வழியில்லை. அதற்குள் மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்துவிடுகிறார்கள்.

ஆனால் வீட்டில் அரசாங்கத்தை உண்மையில் அறிந்தவர் அவர்தான். 2023-ல் அம்மாவுக்கு மகளிர் உரிமைத் தொகை விண்ணப்பத்தை நிரப்பியவர் அவர். ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள், நன்செய் ஐந்து ஏக்கருக்குள், மின்சாரம் ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குள் என்ற நிபந்தனைகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்து, பக்கத்து வீட்டுக்கும் எழுதிக்கொடுத்தார். அந்த ஆயிரம் ரூபாயில்தான் தம்பியின் போன் ரீசார்ஜ் ஆகிறது. ரீசார்ஜ் ஆன போனில் தம்பி, இலவசங்கள் நாட்டைக் கெடுத்துவிட்டன என்று ஸ்டேட்டஸ் வைத்த அன்று, அக்கா பாத்திரம் கழுவிக்கொண்டே ஒரு வாக்கியம் சொன்னதாக ஆய்வாளருக்குத் தகவல்.

"ஆயிரம் ரூவா எலவசம்னா, அப்ப நீ யாருடா?"

ஆய்வுக்காலம் முழுவதிலும், தொலைவு பூஜ்யத்தில் பதிவான ஒரே முழு வீரியக் கருத்து இது.

வாக்குச்சாவடி

விதிக்கு ஒரு சிக்கலான இடம் உண்டு. வாக்குச்சாவடி ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியில்தான். வீட்டிலிருந்து நடக்கிற தூரம். இ.ப. ஒன்றாம் வகுப்பு படித்த அதே அறை. வாசலில் பூத் ஏஜென்டுகளாக ஒரு மாமா, ஒரு சித்தப்பா, மதகு நண்பர் ஒருவர். கருத்து பூஜ்யமாக இருக்க வேண்டும். ஆனால் அட்டைத் தடுப்புக்குப் பின்னால் போய்விட்டால் அவர் செங்கல்பட்டைத் தாண்டியிருக்கிறாரா, அடுக்களை நிலைப்படியிலேயே நிற்கிறாரா என்று சொல்ல முடியாது. பொத்தானை அழுத்துகிறார், கண்ணாடிக்குள் சீட்டு ஏழு நொடி தெரிந்து விழுகிறது. வெளியே வந்தவரிடம் சித்தப்பா கேட்டார், "நம்மதுக்குத்தானே?" "ஆமா சித்தப்பா." மாமா கேட்டார். "ஆமா மாமா." இருவரும் வேறு வேறு கட்சி. தொகுதியில் ச. முரசொலி ஜெயித்தார் என்பது ஊருக்குத் தெரியும்; இந்த ஓட்டு எங்கே போயிற்று என்பதற்குத் தரவு இல்லை. அம்மா மட்டும், "எனக்குத் தெரியும்" என்கிறார். எப்படி என்று அவர் சொல்லவில்லை.

மேலாய்வுக்கான களம்

விதியின் கடைசிச் சோதனை மக்களவையிலோ சட்டமன்றத்திலோ நடக்காது. ஊராட்சித் தேர்தலில்தான் நடக்கும். கிராம ஊராட்சி வார்டு உறுப்பினருக்கு 21 வயது போதும். டெபாசிட் 200 ரூபாய். அக்காவே கொடுத்துவிடுவார். பிரச்சினைகள் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில்: தெருவிளக்கு, தண்ணீர்த் தொட்டி, நூறு நாள் வேலை அட்டை, இந்த மதகின் உடைந்த ஷட்டர். எதிர்த்து நிற்பவர் எப்போதும் நிற்கிற பெரியப்பா.

சிக்கல் தொலைவுதான். வார்டு முழுவதும் இரண்டு தெரு.

நால்வரில் சூடாகப் பேசுகிறவர், வயது 22, பட்டதாரி, தகுதி எல்லாம் இருக்கிறது. அடுத்த ஊராட்சித் தேர்தலில் நிற்பீர்களா என்று ஆய்வாளர் அவரிடம் கேட்டார். அவர் கட்டையிலிருந்து இறங்கி, இரண்டு பக்கமும் ரோட்டைப் பார்த்துவிட்டு வந்தார்.

"அண்ணே, கொஞ்சம் மெதுவாப் பேசுங்க. வீடு பக்கத்துல இருக்கு."